திருப்பி வாங்கிய தாலி

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் அடைப்பு இருக்கிறது, கொழும்பில் பைபாஸ் செய்ய வேண்டும் என்று இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் சொன்னதிலிருந்து அவருக்கு ஒரு புதுப் பழக்கம் பிடித்துக்கொண்டது. வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, தேயிலையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டு, "எல்லாம் ஒனக்கும் ஷாமிக்குந்தானே குமாரி" என்பார். எல்லாம் என்றால் கலவான டவுனுக்கு மேலே நாங்கள் இருக்கிற வீடும், அதைச் சுற்றியுள்ள அரை ஏக்கர் தேயிலையும். ஷாமி எங்கள் ஒரே பிள்ளை ஷாமிளா. டவுனில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறாள்.

முதலில் எனக்கும் கண் கலங்கியது. போகப் போக எரிச்சல்தான் வந்தது. வாயால் கொடுப்பதற்கு என்ன செலவு? யோகராஜ் என்ற இந்த மனிதர் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டி, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய காணி அது. நானும் சும்மா இருக்கவில்லை. அந்த அரை ஏக்கரில் என் கை படாத செடி கிடையாது. ஆனால் காணி உறுதி, அதுதான் பத்திரம், இவர் பேரில் மட்டும்தான். வாங்கும்போது நானும் கேட்கவில்லை. தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டுக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவளுக்கு உறுதியைப் பற்றி என்ன தெரியும்? லயத்தில், தோட்டத்தில் யாருக்குப் பேர் இருக்கிறதோ அவர் குடும்பம் காம்பராவில் இருக்கும். அவர் போனால் பிள்ளை பேர் பதிந்துகொள்ளும். எழுதிக் கொடுப்பதுமில்லை, எழுதி வாங்குவதுமில்லை. அந்தப் புத்தியோடுதான் நாங்கள் சொந்தக் காணிக்கு வந்தோம்.

"வாயால சொன்னா பத்தாது. எழுதி வைங்க," என்றேன்.

"ஆப்ரேசனுக்குப் போறவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

"போறதுக்கு முன்னுக்குத்தானே கேக்கணும்? வேற எப்ப கேக்குறது?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் அதற்கெல்லாம் மசிகிற ஆளா? சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டேன், மாத்திரையைக் கொடுத்துக்கொண்டே கேட்டேன். கடைசியில் லொறி முதலாளி நிஸார் நானாவே வேனை எடுத்துக்கொண்டு வந்து, "ஏறுங்க யோகராஜ், இவ விடப் போறதில்ல," என்றார்.

இரத்தினபுரியில் கோர்ட்டுக்குக் கிட்டே சிவனேஸ்வரி மெடத்தின் ஆபீஸ். வழக்கறிஞரும் அவர்தான், உறுதியும் சாசனமும் எழுதுகிற நொத்தாரிசும் அவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் பேசுவதில் முக்கால்வாசி எனக்கு விளங்கும், மிச்சத்தை முகத்தைப் பார்த்துப் பிடித்துக்கொள்வேன்.

"மரண சாசனம் எழுத வந்திருக்கிறீங்கள், அப்பிடித்தானே?" என்றார்.

இவர் கதிரையில் நெளிந்தார். "பேர்லயே மரணம் இருக்குங்க மெடம்."

"பேரை மாத்த எனக்கு அதிகாரம் இல்லை. சொத்து இருக்கிற எல்லாரும் எழுத வேண்டிய ஒண்டு. எழுதினவை எல்லாரும் செத்துப் போகேல்ல. எழுதாமச் செத்தவையின்ர ஆக்கள்தான் இங்க வந்து அழுகினம்."

சிரிக்காமல் சொன்னார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். உறுதி யார் பேரில், கடன் ஏதும் உண்டா, தாய் தகப்பன் இருக்கிறார்களா, சகோதரங்கள் யார். இவருக்குத் தாய் தகப்பன் இல்லை. வரக்காப்பொலயில் ஒரு தம்பி மட்டும், இந்திரகுமார். அண்ணனுக்கு நெஞ்சு வலி என்று கேள்விப்பட்டும் எட்டிப் பார்க்காத மகராசன்.

"கலியாணம் பதிஞ்சனீங்களோ?"

"பதிஞ்சிருக்குங்க," என்றார் இவர்.

நான் திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குக் கோயிலில் தாலி கட்டியதோடு சரி. எந்தக் காலத்தில் பதிந்தோம்?

"இவங்களோட இல்லைங்க. மொத சம்சாரத்தோட," என்று இழுத்தார்.

மொத சம்சாரத்தை எனக்குத் தெரியும். பார்த்ததில்லை, பேர் தெரியும். இருளாயி. எனக்கு முன்னாலேயே முடிந்த கதை. இவர் இருந்த ரப்பர் தோட்டத்தில் இந்த மாதிரி விஷயங்கள் எப்படி முடியுமோ அப்படித்தான் அதுவும் முடிந்தது. பிள்ளை இல்லை என்று வீட்டில் சண்டை. கோயில் வாசலில் தோட்டத்துத் தலைவரும் நாலு பெரிய மனிதர்களும் கூடினார்கள். இருளாயி தாலியைக் கழற்றித் தலைவர் கையில் கொடுத்தாள். தலைவர் இவர் கையில் கொடுத்தார். அவளுடைய பாத்திரம் பண்டமும் துணி மூட்டையும் அவள் அண்ணன் தோளில் ஏறின. எல்லாருக்கும் தேத்தண்ணி வந்தது, குடித்தார்கள், தீர்ந்தது. அதே தலைவர்தான் பிறகு எனக்கும் தாலி எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு அவர் முகத்தில் சந்தேகத்தின் சாயல்கூட இல்லை.

"கோர்ட்டில விவாகரத்து எடுத்தனீங்களோ?" என்றார் மெடம்.

"தாலிய திருப்பி வாங்கிட்டேனேங்க."

மெடம் பேனையை மூடி வைத்தார். "தாலியை ஆரும் திருப்பி வாங்கலாம். பதிவைத் திருப்பி வாங்க ஏலாது. கோயிலில முடிஞ்சது கோயிலோட. சட்டப்படி இண்டைக்கும் இருளாயிதான் உங்கட மனுசி."

ஒரு காலத்தில் நடமாடும் சேவை என்று தோட்டத்துக்கு அரசாங்க ஆட்கள் வந்து, தாலி கட்டி வாழ்ந்த சோடிகளை எல்லாம் வரிசையில் நிற்க வைத்துப் பதிந்துவிட்டுப் போனார்களாம். இவரும் இருளாயியும் அந்த வரிசையில் நின்றிருக்கிறார்கள். அடையாள அட்டைக்கு என்று நினைத்தாராம் இவர். என் காலத்தில் அப்படி யாரும் வரவில்லை. வந்திருந்தாலும் இன்னொரு பதிவு நிற்காது என்கிறார் மெடம்.

"அப்ப நான் யாரு மெடம்?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் கூடத்தான் எழும்பிவிட்டது. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கோவிக்காதேங்கோ. இருக்கிறதை அப்பிடியே சொல்லுறன். சாசனம் இல்லாம இவருக்கு ஏதும் நடந்தால், பாதி இருளாயிக்குப் போகும். மற்றப் பாதி தம்பிக்கு."

"ஷாமிளாவுக்கு?"

மெடம் மூடிய பேனையை ஓரமாக நகர்த்தி வைத்தார். "சட்டப்படி செல்லாத கலியாணத்தில பிறந்த பிள்ளைக்குத் தாயின்ர சொத்தில உரிமை இருக்கு. தேப்பன்ர சொத்தில இல்லை."

"பொறப்பு சேட்டிபிகட்ல அப்பா பேரு இருக்குங்களே!"

"பேர் இருக்கு. உரிமை இல்லை."

என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அந்த வீட்டுக்குக் கல் சுமந்தவள் அவள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, யூனிபோமைக் கழற்றிப் போட்டுவிட்டு, என்னோடு மணல் அள்ளியவள். எட்டிப் பார்க்காத சித்தப்பாவுக்குப் பாதி, பார்த்தே இராத ஒருத்திக்குப் பாதி. யாரைத் திட்டுவது? தலைவர் செத்துப் போய்விட்டார். சட்டம் எழுதியவன் என் கைக்கு அகப்படமாட்டான். மிச்சம் இருந்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெஞ்சடைப்புக்காரர்தான். அவரை எந்த அளவுக்குத் திட்டலாம் என்று டாக்டரிடம் கேட்டு வைத்திருக்கவில்லை.

"ஆனால் இதுக்கு வழி இருக்கு," என்றார் மெடம். "இவர் தன்ர சொத்தைத் தான் விரும்பின ஆளுக்கு எழுதலாம். வீட்டையும் காணியையும் மகளுக்கு எழுதிப்போட்டு, நீங்கள் சாகும் வரைக்கும் அதில இருக்கிற உரிமையை உங்களுக்கு வைக்கலாம். நொத்தாரிசுக்கு முன்னால கையெழுத்து, ரெண்டு சாட்சி. சாட்சி வைக்கிறவைக்கு அதில பங்கு இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இண்டைக்கே முடிக்கலாம். விவாகரத்து வழக்கைப் பிறகு போடுவம். அதுக்கு இருளாயியின்ர விலாசம் வேணும்."

இன்றைக்கே என்றதும் இவர் எழுந்துவிட்டார். "ஆப்ரேசன் முடியட்டுங்க மெடம். இப்ப எழுதுனா அதோட கணக்கு முடிஞ்சிரும்னு மனசு சொல்லுது."

வேனுக்குப் பக்கத்தில் வைத்து நான் பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. நிஸார் நானா ரேடியோவைக் கூட்டி வைத்தார். கடைசியில் இவர் சொன்னார், "மொதல்ல இருளாயியப் போய்ப் பாத்துட்டு வருவோம். அவ விசயமும் இருக்குதானே." தள்ளிப் போடுவதற்குச் சாக்கு. எனக்கு விளங்காதா? ஆனால் விலாசம் எப்படியும் வேண்டும். சரி என்றேன். உள்ளுக்குள் ஒரே பயம். பாதி வீடு தன்னுடையது என்று தெரிந்தால் அந்தப் பொம்பளை சும்மா இருப்பாளா?

அவள் அண்ணனிடம் விசாரித்ததில் எம்பிலிப்பிட்டிய சந்தையில் இருக்கிறாள் என்று தெரிந்தது. வெயில் கொளுத்துகிற ஊர். எங்கள் பக்கத்து மழையில் இருந்து போனால் மண்டை காய்ந்துவிடும். வழியெல்லாம் நான் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். அவள் இப்படிச் சொன்னால் நான் இப்படிச் சொல்வேன், அவள் அப்படி இழுத்தால் நான் இப்படி வெட்டுவேன் என்று.

வாழைக்குலை மொத்தமாக விற்கிற ஒரு கடையில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மெலிந்த ஒருத்தி சீப்பு சீப்பாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள். கடைக்காரரிடம் "மஹத்தயா, பொட்டக் இன்ன," என்று சிங்களத்தில் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள்.

"வாங்கக்கா. வெயில்ல நிக்காதீங்க."

ஆளுக்கொரு தெம்பிலி இளநீர் வெட்டச் சொன்னாள். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அதுதான் அவள் வீடு. கட்டிலில் எங்களை உட்கார வைத்துவிட்டுத் தான் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். இவர் தொண்டையைக் கனைத்து, பதிவு என்றார், கோர்ட் என்றார், பாதியில் நிறுத்தினார், திரும்ப ஆரம்பித்தார். கொழுந்து நனைந்தால் லொறி இழுக்காது, அந்த மாதிரி இருந்தது.

"தெரியுங்க," என்றாள் இருளாயி. "போன வருசமே தெரியும்."

நான் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் அத்தனையும் அந்த இடத்திலேயே சரிந்தன.

"எங்க ஆளு செத்துப் போனாரு. சிங்கள ஆளு, நல்ல மனுசன். வாழைத் தோட்டமும் வீடும் அவரோடது. காரியம் முடிஞ்ச கையோட அண்ணன் தம்பிங்க வந்து வெளிய போன்னாங்க. கிராம சேவகர்கிட்ட போய் நின்னேன். அவரு விசாரிச்சுப் பாத்துட்டு, ஒனக்குக் கலவான பக்கம் புருசன் பதிஞ்சிருக்கே, இங்க நீ எப்பிடி உரிமை கேக்கலாம்னாரு. எனக்கே அப்பதாங்க தெரியும். தாலியக் குடுத்தாச்சு, முடிஞ்சிச்சுன்னுதானே நானும் இருந்தேன்."

"பிள்ளைங்க?" என்று கேட்டேன்.

"ஒரு மகன். அப்பன உரிச்சு வச்ச மாதிரி. அவனுக்கும் ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. கொழும்புல சாப்பாட்டுக் கடையில நிக்கிறான்."

பிள்ளை இல்லை என்று கோயில் வாசலில் தீர்த்துவிடப்பட்டவளுக்கு மகன். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நல்லாப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அப்ப கோர்ட்டுப் பக்கம் ஒருத்தரு சொன்னாரு," என்றாள் இருளாயி. "யோகராஜுக்கு ஏதும் ஆனா அங்க பாதி ஒனக்குத்தான், பொறுமையா இருன்னாரு. ஒருத்தரு எப்ப சாவாருன்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்க முடியுமாங்க? எனக்கு வேணாம்னு எந்திரிச்சு வந்துட்டேன்."

ஒரு வருஷமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வாடகை அறையில், வாழைப் பால் ஒட்டிய கையோடு, என் வீட்டில் பாதி தன்னுடையது என்று தெரிந்துகொண்டே இருந்திருக்கிறாள். நான் அவளைப் பற்றி என்னவெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் முதன்முறையாக இவரை நேராகப் பார்த்தாள். "ஒங்களுக்கு மக இருக்குன்னு அண்ணன் சொன்னாரு. அவளுக்கு எழுதி வச்சிட்டீங்களா?"

இவர் கையில் இருந்த தெம்பிலியை உருட்டினார். நான்தான் சொன்னேன். "எழுதுனா ஆயுசு கொறைஞ்சிருமாம்."

"எங்க ஆளும் அதத்தான் சொன்னாரு," என்றாள் இருளாயி. "எழுதாமத்தான் செத்தாரு."

இவர் தெம்பிலியைக் கீழே வைத்தார். அவருடைய முகத்தை எனக்குத் தெரியும். லொறி பள்ளத்தில் இறங்கிவிட்டால், இறங்கிப் போய்ப் பார்க்காமல் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்படி உட்கார்ந்திருந்தார். பிறகு, "நாளைக்கே எழுதுறேன்," என்றார்.

நாங்கள் கிளம்பும்போது அவள் என்னிடம் தனியாகச் சொன்னாள். "கோர்ட்டுக்கு எப்ப கூப்பிட்டாலும் வர்றேங்கக்கா. ஒண்ணே ஒண்ணு. நான் விட்டுட்டு ஓடிப் போனேன்னு மட்டும் எழுத வேணாம். நான் ஓடல."

வேனுக்குள் வந்து இவரிடம் சொன்னேன். "குத்தத்த என் மேலயே எழுதச் சொல்றேன்," என்றார். அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்த விஷயங்கள் கொஞ்சம்தான் உண்டு. அன்றிலிருந்து அதில் ஒன்று கூடியது.

மறுநாளே சாசனம் எழுதினோம். இவர் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்ததும் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார், இன்னும் அடிக்கிறதா என்று. அடித்தது. ஆப்ரேஷனும் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் சாசனம் எழுதியதால்தான் பிழைத்தேன் என்று நாலு பேரிடம் சொல்ல ஆரம்பித்தார். இவரை என்ன செய்வது?

வழக்கை இருளாயிதான் போட்டாள். புருஷன் கைவிட்டார் என்று எழுதியிருந்தது. இவர் எதிர்க்கவில்லை. எதிர்க்காத வழக்குக்கே கோர்ட் எங்களை ஒரு வருஷத்துக்கு மேல் அலைய வைத்தது. ஒருவழியாகத் தீர்ப்பு வந்து, அது இறுதித் தீர்ப்பாகி நிலைத்த பிறகு, நாங்கள் கல்யாணம் பதியப் போகிறோம் என்று மெடத்திடம் சந்தோஷமாகச் சொன்னேன்.

"நல்ல விஷயம். ஆனால் ஒண்டு, கலியாணம் பதிஞ்ச உடன பழைய சாசனம் செல்லாமப் போயிடும். திரும்ப எழுத வேணும்," என்றார் அவர்.

"நான்தான் சட்டப்படி சம்சாரம் ஆயிருவேனே மெடம். ஷாமியும் மக ஆயிருவாதானே?"

"நீங்கள் ஆவீங்கள். அவ ஆகமாட்டா." மெடம் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இவருக்கு இன்னொரு பதிவு இருக்கேக்க பிறந்த பிள்ளை. நீங்கள் இப்ப கட்டினாலும் சட்டம் அவவை ஏற்காது. அவவுக்குச் சாசனம் ஒண்டுதான் வழி. பதிஞ்ச கையோட நேர இங்க வாங்கோ."

அதனால் எங்கள் கல்யாணம் இப்படி நடந்தது. இரத்தினபுரியில் பதிவாளர் ஆபீஸில், ஷாமிளா என் சேலை மடிப்பைச் சரிசெய்ய, நான் கையெழுத்துப் போட்டேன். இருளாயியும் எம்பிலிப்பிட்டியவில் இருந்து ஒரு வாழைக்குலையோடு வந்திருந்தாள். கூப்பிட்டது நான்தான். வெளியே வந்ததும் யாரையும் நின்று பேச விடவில்லை. பதிவாளர் ஆபீஸிலிருந்து மெடத்தின் ஆபீஸ் வரைக்கும் உள்ள அந்தச் சின்னத் தூரத்தில் பழைய சாசனம் செத்துவிட்டது, புதியது பிறக்கவில்லை, என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ரோட்டைக் கடக்கும்போது பஸ்காரர்களை முறைத்துக்கொண்டு இவர் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"பொண்ணுக்கு அவசரத்தப் பாரு," என்று நிஸார் நானா சிரித்தார். சிரிக்கட்டும்.

சாசனம் தயாராக இருந்தது. ஒரு சாட்சி நிஸார் நானா. மற்றதற்குத் தன் கிளார்க்கைக் கூப்பிடப் போனார் மெடம்.

"இருளாயி போடட்டும் மெடம்," என்றேன். "பங்கு இல்லாத ஆளுதானே இப்ப? நாளைக்கு யாராவது கேள்வி கேட்டு வந்தா, கேட்டிருக்கக் கூடிய ஆளோட கையெழுத்தே இதுல இருக்கட்டும்."

மெடம் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு இருளாயியிடம் திரும்பினார். "இவரை உங்களுக்கு எவ்வளவு காலமாத் தெரியும்?"

"இந்த அக்காவுக்கு முந்தியே தெரியுங்க," என்றாள் இருளாயி. நிஸார் நானா இருமினார்.

மெடம் வாசித்தார். வீடும் காணியும் எனது மகள் ஷாமிளாவுக்கு. எனது மனைவி கிருஷ்ணகுமாரி உயிரோடு இருக்கும் வரை அதில் வசிக்கும் உரிமை அவருக்கு.

"மகள்னே எழுதியிருக்குங்களா?" என்று கேட்டாள் இருளாயி.

"ஓம். இதில அப்பிடி எழுதலாம்."

இவர் கையெழுத்துப் போட்டார். இந்த முறை நெஞ்சைத் தடவிப் பார்க்கவில்லை. நிஸார் நானா போட்டார். இருளாயி பேனையை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி எழுதினாள். மெடமும் போட்டு, முத்திரை குத்தி, தாள்களை ஒன்றாக அடுக்கினார்.

"முடிஞ்சுது," என்றார்.

இருளாயி எழுந்திருக்கவில்லை. "அவ்ளோதானாங்க மெடம்? ஒரு பிள்ளைக்கு எழுதி வைக்க இவ்ளோ நேரந்தான் ஆகுமா?"

"அவ்வளவுதான்."

அவள் மேசையில் இருந்த அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோர்ட்டில் நின்றபோதும் அழாதவள், எம்பிலிப்பிட்டியவில் எல்லாவற்றையும் சொன்னபோதும் அழாதவள், சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். ஷாமிளா தண்ணீர் எடுக்க ஓடினாள். நான் இருளாயியின் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துகொண்டேன்.